மூணு விசில் ஓட்ஸ்

...அதுக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சும்மா, வேற ஒண்ணும் இல்ல. குக்கருக்குப் பைத்தியம் புடிக்குமான்னு கேப்ப. புடிக்கும். இதோ நிக்குது பாரு மேடை மேல, வெள்ளையா, குண்டா. பாத்தா எவ்ளோ சாதுவா இருக்குது. போன வாரம் வரைக்கும் சாதுவாத்தான் இருந்துச்சு. உள்ள வாம்மா, ஏன் வாசப்படியிலேயே நிக்கற. அந்த ஸ்டூலு வாணாம், ஆடும். நாற்காலிய இழுத்துப் போட்டுக்கோ. பேரு இன்னா சொன்ன, வஜீஹாவா? நல்ல பேரு. என் பொண்ணு வயசுதான் இருக்கும் உனக்கு. வாங்க போங்கன்னு பேச எனக்கு வராது, தப்பா எடுத்துக்காத.

இன்னா கேட்ட? கீழ அடிபம்புல மெட்ரோ தண்ணி எப்ப வரும்னா? சொல்றேன், சொல்றேன். தண்ணி விஷயம் பெரிய விஷயம், அதை நின்னுகினே சொல்ல முடியாது. மொதல்ல இந்தக் குக்கரைச் சொல்லி முடிச்சிடறேன். இப்ப உள்ள ஓட்ஸ் வெந்துகினு இருக்குது. வெந்துகினு இருக்குதா, சும்மா உக்காந்துகினு இருக்குதான்னு அதுக்குத்தான் வெளிச்சம். இன்னொரு விசில் வராத நாளா இன்னிக்கும் ஆயிடுச்சுன்னா என் மானம் போச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல என் நாத்தனா வரப்போறா. அவ யாரு, இவ ஏன் இப்படிப் பதறறான்னுதானே பாக்கற? சொல்றேன்.

அடுப்புல ஏதோ வெச்சிட்டு வந்திருக்கியா? இன்னா வெச்ச? பாயாவா? அட, ஆட்டுக்காலு அவ்ளோ சீக்கிரம் வெந்துடுமா, வேகட்டும் விடு. ஒரு நிமிஷம்தான்.

இது கரண்ட்டுல ஓடற பிரஷர் குக்கரு. கேஸ் வாணாம், கிட்ட நிக்க வாணாம். மெட்ராஸ்ல இது கிடைக்குதான்னு எனக்குத் தெரியாது, நான் பாத்ததில்ல. சிங்கப்பூர்லேர்ந்து வந்தது. பிளக்கே நம்ம சுவத்துல நுழையல, சதுர சதுரமா மூணு காலு. எங்க வீட்டுக்காரரு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ரெண்டு நடை அலைஞ்சி, அதுக்குன்னு ஒரு தொப்பி வாங்கியாந்து மாட்டினாரு. புஸ்தகமும் குடுத்தான், முழுக்கச் சீன எழுத்து. நடுவுல ஒரு பொம்பள சிரிச்சிக்கினு நிக்கறா, கையில கரண்டியோட. அவ இன்னாத்துக்கு சிரிக்கறான்னு இப்பதான் எனக்குப் புரியுது.

எங்க வீட்டுக்காரரு தணிகாசலம், சைதாப்பேட்டை கோர்ட்டுல பெஞ்ச் கிளார்க்கு. ஜட்ஜுக்குக் கீழ உக்காந்து கேஸ் கூப்பிடறவரு. அந்தப் பக்கம் ஒரு கடையில சோம்பு தூக்கலா, எண்ணெ மெதக்க வடகறி போடுவான். வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து காலையில அந்த வடகறிதான். நான் இங்க இட்லி அவிச்சி வெச்சாலும், 'ரெண்டு போதும், பசியில்ல'ன்னு நல்லபுள்ள மாதிரி எழுந்து போயி, அங்க உக்காந்து மூணு செட்டு. போன பொங்கலுக்கு அப்புறம் மயிலாப்பூர்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். ரத்தத்தைப் பாத்துட்டு, 'இதுல பூரி சுடலாம் போலருக்கே'ன்னாரு. கொலஸ்ட்ரால். இனிமே காலைல ஓட்ஸ்தான், வேற எதுவும் வாயில வெக்கக்கூடாதுன்னுட்டாரு.

ஓட்ஸ்னா இன்னாங்கன்னு வர்ற வழியில கேக்கறேன். குதிரை சாப்பிடறதுன்னு சொல்றாரு, மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு. குதிரைக்குக் கொள்ளுதானேன்னேன். வெளிநாட்டுக் குதிரைக்கு ஓட்ஸாம். சரின்னு தி.நகர்ல ஒரு பெரிய கடையில டின்னு வாங்கியாந்து, மொதல்ல கேஸ்லதான் வெச்சேன். வெச்சவளுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். பாலை விட மோசம்மா. அந்தப் பக்கம் திரும்பினா பொங்கும், இந்தப் பக்கம் திரும்பினா அடிப்புடிக்கும். கரண்டியக் கீழ வெக்க முடியாது. காலைல எனக்கு இது ஒண்ணுதானா வேலை? தண்ணி புடிக்கணும், கோலம் போடணும், பூக்காரம்மாகிட்ட சண்டை போடணும். அப்பதான் லாஃப்ட்ல இந்தக் குக்கரு இருக்கறது ஞாபகம் வந்துச்சு.

லாஃப்ட்லேன்னா, பத்திரமா வெச்சிருந்தேன். அதைத்தான் அவ குத்திக் காட்டறா. அவதான், என் நாத்தனா, புனிதவதி. சிங்கப்பூர்ல இருக்கா. எப்ப வந்தாலும் வெறுங்கையோட வரமாட்டா. மனசு தங்கம், வாய்தான் தகரம். ஒரு தடவ டின்னர் செட்டு கொண்டாந்தா. ஒரு தடவ ஃபிளாஸ்க்கு, அமுக்கினா காப்பி கொட்டும். அடுத்த தடவ இந்தக் குக்கரு. நீயே சொல்லு, ஃபாரின் சாமானைக் கையில வாங்கினவுடனே பொழங்கிட முடியுமா? வீட்டுல ஒரு விசேஷம் வரட்டும், பெரிய மனுசங்க யாராவது வரட்டும்னு வெப்போம். அதுக்குள்ள அடுத்தது வந்துடும். தலைமுடி காய வெக்கற மிஷின் ஒண்ணு குடுத்தா, அதைப் பொழங்கினேன். மழைக்காலத்துல இவரு பேண்ட்டு காய வெக்க.

அது கிடக்கட்டும். நீ எப்படி சமைப்ப, கடிகாரம் பாத்தா? நான் விசிலுதாம்மா. சோத்துக்கு மூணு, பருப்புக்கு நாலு, உருளைக்கிழங்குக்கு ரெண்டு. குளிச்சிக்கினு இருந்தாலும் என் காது இங்கதான் இருக்கும். பாதிக் கோலத்துல நிறுத்திட்டு ஓடிவந்து கேஸை அணைச்சிட்டு மறுபடி போயி மீதியப் போடுவேன். கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து இந்தக் கை விசில் கேட்டாத்தான் அடுப்புப் பக்கம் போகும்.

இதுல வெயிட்டு கிடையாது பாரு. மூடி மேல ஒரு குமிழு, முன்னாடி திருப்பற வட்டம் ஒண்ணு, ரெண்டு லைட்டு, அவ்ளோதான். மொத நாள் பயந்துகினேதான் வெச்சேன். ஓட்ஸ் ஒரு டம்ளரு, தண்ணி மூணு டம்ளரு, உப்பு, நுரைச்சிக்கினு வராம இருக்க ஒரு சொட்டு நல்லெண்ணெ, பருப்புக்கு விடுவோமே அது மாதிரி. மூடியத் திருகி, வட்டத்தைத் திருப்பி விட்டேன். சிவப்பு லைட்டு எரிஞ்சிச்சு. காதைக் குடுத்துக்கினு நின்னேன். கொஞ்ச நேரத்துல வந்துச்சு பாரு விசிலு.

அடடா, அது இன்னா விசிலு. நம்ம குக்கரு மாதிரி காதைக் கிழிக்கல. மெதுவா, அடக்க ஒடுக்கமா, எங்கியோ தள்ளி இருந்து அடிக்கற மாதிரி. ஃபாரின் சாமான் ஃபாரின் சாமான்தான்னு நெனச்சிக்கினேன். மூணாவது விசில்ல சுவிட்ச நிறுத்தி, ஆவி அடங்கினதும் தொறந்து பாக்கறேன், வெண்ணெ மாதிரி வெந்திருக்குது. கொஞ்சம் ஆறவிட்டு, மோரு ஊத்தி, சின்ன வெங்காயம் அரிஞ்சி போட்டு, எலுமிச்சங்கா ஊறுகா வெச்சிக் குடுத்தேன். இவரு மொத வாய் குடிச்சிட்டு, 'குதிரை குடுத்து வெச்சது'ன்னாரு. அதுலேர்ந்து தினம் அதுதான். மூணு விசிலு, ஓட்ஸு, கோர்ட்டு. வடகறிப் பக்கம் போறதில்லன்னு எங்கம்மா மேல சத்தியம் பண்ணாரு. எங்கம்மா மேல ஏன், உங்கம்மா மேல பண்ணுங்கன்னேன், பேச்சையே மாத்திட்டாரு.

ஆனா பாரு, அதுக்கும் சில குணம் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா லேட்டாத்தான் விசில் அடிக்கும். அதுக்கும் லீவுன்னு தெரியும் போலருக்குன்னு நாங்க சிரிச்சிக்குவோம். ஒரு நாளு ஓட்ஸ் வெச்சப்புறம் கரண்ட்டு போயிடுச்சு. போச்சுடா இன்னிக்குன்னு நிக்கறேன், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அடிக்குது. கரண்ட்டே இல்ல. உள்ள அந்தச் சூடு அப்படியே நிக்குது போல, பாரு எப்படிப் பண்ணியிருக்கான். இன்னொரு தடவ, உங்க வீட்டுல உங்களுக்கு முன்னாடி இருந்தாங்களே, பேங்க்ல வேலை பாத்த சந்திரமௌலி சாரு, அவங்க குடும்பத்தோட திருப்பதி போயிருந்தாங்க. அப்ப பாத்து இது வேலைநிறுத்தம். விசிலே இல்ல. அந்த வீட்டம்மா இருந்தாலாவது போயிக் கேக்கலாம், வீடு பூட்டிக் கிடக்குது. அவங்க திரும்பி வந்த அன்னிக்கு தானா சரியாயிடுச்சு. திருப்பதி லட்டு குடுத்தாங்க, அதை இது மேல வெச்சிக் கும்புட்டுட்டுத்தான் சாப்பிட்டேன்.

இன்னாம்மா, நெளியற? காப்பி போடட்டா? வாணாமா? அந்தச் சுவத்தையே பாக்கற. அது உங்க சமையக்கட்டுச் சுவருதான். ஒத்தக்கல் சுவரு, இந்தப் பக்கம் எங்க மேடை, அந்தப் பக்கம் உங்க மேடை. வீடு கட்டினவன் செங்கல்லைச் சேத்து வெச்சிட்டுப் போயிட்டான். சந்திரமௌலி சாரு தும்மினா நான் 'நூறு வயசு'ன்னு இங்கேர்ந்தே சொல்லுவேன்.

இரு. டிங்குனுச்சு, கேட்டியா? இதுதான் இதோட கெட்ட பழக்கம். சைக்கிள் பெல்லு மாதிரி ஒரு மணிய அடிச்சிட்டு, வட்டம் ஜீரோவுல வந்து நின்னுக்கும். சிவப்பு லைட்டு அணைஞ்சி மஞ்ச லைட்டு எரியும். சோம்பேறித்தனம். ஒரு விசில்கூட அடிக்கல, அதுக்குள்ள உனக்கு இன்னா ரெஸ்ட்டுன்னு மறுபடி திருப்பி விட்டுடணும். இந்தா, திருப்பிட்டேன். ஓடு. இதை முன்னெல்லாம் எப்பவாவதுதான் பண்ணும், மூணு விசில்ல நான் நிறுத்திடுவேனா, மணி அடிக்க அதுக்கு நேரமே கிடைக்காது. இப்ப நேத்துலேர்ந்து இதே வேலைதான்.

இப்ப நாத்தனா விஷயத்துக்கு வர்றேன். போன வெள்ளிக்கிழமை சைதாப்பேட்டையில எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு வளகாப்பு. புனிதவதியும் லீவுல வந்தவ அங்க வந்திருந்தா. எல்லாரும் சாப்பிட்டுட்டு வெத்தல போட்டுக்கினு உக்காந்திருக்கோம். நான் சும்மா இருந்திருக்கலாம். அவ குடுத்த சாமானைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுவோமேன்னு, 'புனிதா, உன் குக்கருலதான் உங்கண்ணனுக்கு தினம் ஓட்ஸு. எவ்ளோ அழகா விசில் அடிக்குது தெரியுமா'ன்னேன்.

அவ வெத்தலைய மடிக்கறதை நிறுத்திட்டா. 'விசிலா?'ன்னா. 'ஆமா, மூணு விசிலு'ன்னேன். 'அண்ணி, அந்தக் குக்கருக்கு விசிலே கிடையாது. என் வீட்டுல அதே குக்கரு இருக்குது. நீங்க அட்டப்பெட்டியையே பிரிக்கல. டின்னர் செட்டு மாதிரி அதையும் லாஃப்ட்ல ஏத்திட்டு, இங்க வந்து கதை விடறீங்க'ன்னா. எல்லாரும் இருக்காங்க. பொண்ணோட மாமியாரு வீட்டாளுங்க இருக்காங்க. அத்தனை பேரும் சிரிச்சாங்கம்மா. எங்க வீட்டுக்காரரு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை, 'இல்ல புனிதா, நான் தினம் அதுலதான் சாப்பிடறேன்'னு சொல்லலாம் இல்ல? அவரு பாயசத்துல முந்திரி தேடிக்கினு இருக்காரு.

எனக்கு எப்படி இருக்கும்? தினம் ரெண்டு காதால கேக்கறேன். பொய்யாம். பொழங்காம வெச்சிக்கினு பொழங்கறேன்னு சொல்றவளாம் நான். 'புதன்கிழமை காலைல டிபனுக்கு என் வீட்டுக்கு வா. நீயே உன் காதால கேளு. மூணு விசில் அடிக்கல, அன்னிக்கே குக்கரை நீயே எடுத்துக்கினு போ'ன்னுட்டேன். அவளும் விடல. 'வர்றேன் அண்ணி. அடிச்சிச்சுன்னா வளகாப்புக்கு வந்த அத்தனை பேர் வீட்டுக்கும் போன் போட்டு அண்ணி சொன்னதுதான் நெசம்னு சொல்றேன்'னா. இன்னிக்குத்தான் புதன்கிழமை. இவரு ஸ்கூட்டர எடுத்துக்கினு அவளக் கூட்டியார அடையாருக்குப் போயிருக்காரு. எந்த நிமிஷமும் வந்துடுவாங்க.

இதுல விதிய பாரும்மா. வெள்ளிக்கிழமை நான் சவால் விடறேன், சனிக்கிழமை வரைக்கும் ஒழுங்கா மூணு விசிலு. சந்திரமௌலி சாருக்குத் திருச்சிக்கு மாத்தலாகி, சனிக்கிழமை மத்தியானம் சாமானை ஏத்திக்கினு போனாங்க. ஞாயித்துக்கிழமை நீங்க வந்தீங்க, அந்தக் கலாட்டாவுல நான் ஓட்ஸே வெக்கல. அந்த லாரி வந்து நின்ன அதிர்ச்சியிலதான் இதுக்கு உள்ள ஏதோ கழண்டுடுச்சுன்னு எனக்கு ஒரு சந்தேகம். உன்னைச் சொல்லல, லாரியச் சொல்றேன். திங்கக்கிழமை ஓட்ஸ் வெச்சி வட்டத்தைத் திருப்பிட்டுக் கையைக் கூடத் துடைக்கல, தடதடன்னு மூணு விசிலு. நிறுத்தித் தொறந்தா, தண்ணி வேற ஓட்ஸு வேற, நீச்சல் அடிச்சிக்கினு கிடக்குது. நேத்து செவ்வாக்கிழமை, ஒரு விசிலு கூட இல்ல. டிங்குங்குது, திருப்பறேன். டிங்குங்குது, திருப்பறேன். தொறந்தா பசை. கரண்டி உள்ள நிக்குது, எடுக்க வரல. அதைக் கொண்டுபோயி ஒரு சினிமா போஸ்டரையே ஒட்டலாம். இவரு தட்டைப் பாத்தாரு, மணியப் பாத்தாரு, செருப்பை மாட்டினாரு. எங்க போறீங்கன்னேன். 'கோர்ட்டுக்கு'ன்னாரு. கோர்ட்டுக்குத்தான் போனாரு. வாசல்ல எந்தக் கடைக்குப் போனாருன்னு எனக்குத் தெரியாதா? சாயந்திரம் சட்டையில சோம்பு வாசனை.

பாத்தியா, மறுபடி டிங்கு. இரு, திருப்பி விடறேன். அவளுக்கு முன்னாடி மட்டும் இந்த மாதிரி டிங்குன்னு நின்னுச்சு, குக்கரு போனா போகட்டும்மா, எனக்கு அது பெரிசில்ல. ஓட்ஸு கேஸ்ல கிண்டிக்குவேன். பொய் சொன்னேன்னு ஆயிடும். இவங்க குடும்பத்துல ஒரு தடவ பேரு வெச்சிட்டாங்கன்னா பேரப்பசங்க கல்யாணம் வரைக்கும் அதையே சொல்லுவாங்க. 'விசில் அண்ணி'ன்னு ஏற்கெனவே ஒருத்தி ஆரம்பிச்சிட்டா.

உனக்கு ஏதாச்சும் வாசனை வருது? தீயற மாதிரி? எங்க வீட்டுது இல்ல. எங்களுதுல இன்னும் விசிலே வரலியே, அதுக்குள்ள எப்படித் தீயும்? உன் பாயாவா இருக்கும். போகணுமா? போலாம் இரு, தண்ணி எப்ப வரும்னு நான் இன்னும் சொல்லவே இல்லியே. நீ நல்ல பொண்ணா இருக்க, நீ பக்கத்துல இருந்து ஒரு சாட்சியா...

உஷ்.

கேட்டியா? ஒண்ணு. அம்மாடி, வந்துடுச்சு. நான் சொன்னேன் இல்ல? எவ்ளோ மெதுவா, எங்கியோ தள்ளி இருந்து அடிக்கற மாதிரி... ரெண்டு. அப்பா, என் வயித்துல பாலை வார்த்துச்சு. கொஞ்சம் பொறுத்து வாடா கண்ணு, மூணாவதை அவ வந்ததும் அடி. ஏம்மா எழுந்துட்ட? எங்க ஓடற? இன்னா? உன் குக்கரா?

உன் குக்கரு உன் வீட்டுல இல்ல இருக்குது? சத்தம் இங்க இல்ல கேக்குது. இரு, ஓடாத, ஒரு நிமிஷம் இரு. நான் இதுமேல காதை வெச்சிப் பாக்கறேன்.

சுடுது.

இதுலேர்ந்து ஒண்ணும் வரல. கொதிக்கற சத்தம்கூட இல்ல. சுவத்துல வெச்சிப் பாக்கட்டா... மூணு. சுவரு அதிருதும்மா. விசிலு சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்குது.

வஜீஹா. நான் கொஞ்சம் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கறேன். ஆடினா ஆடட்டும். நீ போயி கேஸை மட்டும் கொறைச்சிட்டு ஓடிவா. ஓடிவரணும், இன்னா?

...வந்துட்டியா. இப்ப நான் சொல்றதைக் கேளு, தப்பா இருந்தா சொல்லு. சந்திரமௌலி சார் வீட்டுல அவரு காலைல பேங்க்குக்கு சாப்பாடு கட்டிக்கினு போவாரு. அந்தம்மா தினம் ஒரே நேரத்துல சோறு வெக்கும். மூணு விசிலு. ஞாயித்துக்கிழமை லேட்டா எழுந்துக்கும். கரண்ட்டு போனா அந்தம்மாவுக்கு இன்னா, கேஸ்ல வெக்குது. திருப்பதி போனப்போ... ஐயோ சாமி. லட்டை வெச்சி வேற கும்புட்டேனே. இத்தினி நாளா அந்தம்மா அங்க சோறு ஆக்கியிருக்குது, அந்த விசில்ல நான் இங்க ஓட்ஸு ஆக்கியிருக்கேன். புனிதா சரியாத்தான் சொல்லியிருக்கா. இதுக்கு விசிலே கிடையாது. அந்த டிங்குதான் வெந்துடுச்சுன்னு அர்த்தம். அது ஒவ்வொரு தடவையும் 'எடு, எடு'ன்னு சொல்லிக்கினு இருந்திருக்குது, நான் சோம்பேறின்னு திட்டி மறுபடி மறுபடி வேக வெச்சிருக்கேன். இப்பவும் ரெண்டு தடவ.

சிரிக்காத. சரி, சிரி. எனக்கே சிரிப்பு வருது.

தள்ளிக்கோ, ஆவிய விடறேன். புஸ்ஸுன்னு போகட்டும்... போச்சா. தொறக்கறேன்... ஆகா. பாத்தியா? நேத்து பசை, இன்னிக்குத் தாரு. அடி முழுக்கக் கருகிப்போச்சு. தீயற வாசனை உன் பாயா இல்லம்மா, மன்னிச்சுக்கோ. இந்தப் பாத்திரத்தைத் தனியா எடுக்க வரும், தொட்டியில தண்ணி ஊத்திப் போட்டுடறேன், ஊறட்டும். வெறும் குக்கரை மூடி வெக்கறேன்.

ஸ்கூட்டரு சத்தம். கேட்டியா? எங்களுதுதான், அந்தக் கடகடா வேற யாருக்கும் கிடையாது. வந்துட்டாங்க. இன்னாம்மா பண்றது இப்ப? வளகாப்பு வீட்டுல அத்தனை பேருக்கு முன்னாடி சத்தியம் பண்ணாத கொறையா சொல்லிட்டேனே. நீ ஒரு உதவி பண்ணுவியா? உன் பாயா இன்னும் வேகணும் இல்ல? போயி கேஸைக் கம்மியாவே வெச்சிக்கோ. அவ இங்க வந்து உக்காந்ததும் நான் சுவத்துல தட்டறேன். தட்டினதும் பெரிசு பண்ணு. மூணே மூணு விசிலு, அப்புறம் அணைச்சிடு. உனக்கும் பாயா வெந்தா மாதிரி இருக்கும், எனக்கும் மானம் நின்னா மாதிரி இருக்கும். அப்படியே ஒரு கிண்ணம் பாயா குடுக்கறியா? தங்கம். டிபனுக்கு இங்க ஓட்ஸு கூட இல்ல பாரு. புதன்கிழமைதானே, சாப்பிடுவோம். போ, போ, அவ படி ஏறறா.

ஏம்மா வஜீஹா, தண்ணி. தண்ணி கேட்டியே. நீ வந்து நின்னப்போதான் வந்துகினு இருந்துச்சு. இப்ப நின்னு போயிருக்கும். நாளைக்குக் காட்டறேன்.

வா புனிதா, வா. இன்னா இளைச்சிட்ட. நீங்க ஏங்க பின்னாடியே பம்மிக்கினு வர்றீங்க, ஸ்டூலை அவளுக்குப் போடாதீங்க, ஆடும். இந்த நாற்காலியில உக்காரு புனிதா. இதோ உன் குக்கரு. லாஃப்ட்ல இல்ல பாரு, மேடை மேல இருக்குது. வாசனையா? அது... பக்கத்து வீட்டுல புதுசா வந்திருக்காங்க. இரு, இந்தச் சுவத்துல ஒரு பல்லி. ச்சூ. ச்சூ. தட்டினாத்தான் போகும்.

உஷ். கேளு.

ஒண்ணு. இப்ப இன்னா சொல்ற? மூஞ்சியப் பாருங்க உங்க தங்கச்சி மூஞ்சிய. ரெண்டு. விசிலே கிடையாதுன்னியே. மூணு. அவ்ளோதான், மூணுதான், எண்ணிக்கினியா... நாலு. ஒண்ணு கூடக் கொறைய இருக்கும். அஞ்சு. இந்தப் பல்லி ஏன் போக மாட்டுது. ச்சூ. ச்சூ, போதும். ஆறு. ஐயோ, தட்டினா இன்னும் பெரிசு பண்ணிட்டா போலருக்குதே. நான் ஒண்ணும் சொல்லல புனிதா, தனக்குத்தானே பேசிக்கினேன். ஏன் எழுந்துக்கற? மூடியத் தொறக்காத, விசில் அடிக்கறப்போ தொறக்கக்கூடாது, வெடிக்கும். தொறந்துட்டியா?

ஆமா. உள்ள பாத்திரமே இல்ல.

ஏழு.

சிரிக்காதீங்க நீங்க. வளகாப்புல வாயைத் தொறக்கல, இப்ப மட்டும் சிரிப்பு வருதா? எங்க போற புனிதா? அது தொட்டி, அங்க ஒண்ணும் இல்ல. அந்தப் பாத்திரத்தை எடுக்காத, கையெல்லாம் கரி ஒட்டும். சொன்னா கேளு. அதுதான் இதோட பாத்திரம். ஆமா, உன் குக்கருதுதான். இன்னிக்குக் கருகினது அடியில. அதுக்கு மேல இருக்கற கீறலா? அது நேத்து பசையச் சொரண்டினது. அந்த மஞ்சக் கறையா? மொத வாரத்துல ஓட்ஸுல மஞ்சத்தூள் போட்டுப் பாத்தேன், இவரு குடிக்கல.

இன்னா சொன்ன? திருப்பிச் சொல்லு. சத்தமா சொல்லு. 'லாஃப்ட்ல இருக்கற பாத்திரம் இப்படித் தேயாது'ன்னா?

ஏங்க, கேட்டீங்களா? உங்க தங்கச்சி வாயாலயே சொல்லிட்டா. நான் பொழங்கறேன்னு சொல்லிட்டா. வெள்ளிக்கிழமைலேர்ந்து நானும் அதைத்தானே கத்திக்கினு இருக்கேன். விசிலா? விசில் கிடக்குது விடு புனிதா, அது இந்தச் சுவரோட கதை, சாப்பிட்டுக்கினே சொல்றேன். நீ அந்தப் போன் போடற வேலையை மட்டும் மறந்துடாத. எட்டு. இதோ டிபன் வெந்துடுச்சு. பாயா, நீ சிங்கப்பூர்ல ஏங்கிக்கினு இருப்பியே அதே பாயா. பக்கத்து வீட்டுப் பொண்ணு கொண்டார்றா.

நீங்க ஏங்க கை கழுவிக்கினு வர்றீங்க? பாயா அவளுக்கு. உங்களுக்கு ஓட்ஸு. புனிதா, அந்தப் பாத்திரத்தைக் குடு, தேய்ச்சிட்டு வர்றேன்... இந்தா, ஓட்ஸு ஒரு டம்ளரு, தண்ணி மூணு டம்ளரு, ஒரு சொட்டு நல்லெண்ணெ. வட்டத்தைத் திருப்பி விட்டுட்டேன், உக்காருங்க. மணியோ விசிலோ, எது மொதல்ல வருதோ, எடுத்துத் தர்றேன்.